தேவசகாயம் அண்ணனின் நாக்கு

தம்பிகளே, போன மாதம் நாட்றம்பள்ளியில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் பார்க்கப் போனீர்களாம். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்னாராம். தெருவுக்கு வந்ததும் நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தீர்களாம். எனக்குச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் என் காது மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது.

சிரித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் சிரிக்கிற ஆள்தான். சிரிப்பதற்கு முன்னால் அந்தச் சுவரைச் சோதித்துப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. பார்க்கவில்லை, தெரியும். கரண்ட்டும் ரேடியோவும் மனுஷன் உடம்புக்குத் தெரியுமா தெரியாதா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவரிடம்தான் நான் அதை முழுசாகச் சோதித்துப் பார்த்தேன். வந்த விடை இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கேளுங்கள்.

அப்போது நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வயர்மேன். அந்தப் பக்கமெல்லாம் கம்பெனி கரண்ட் எட்டிப் பார்க்காத காலம். முதலாளி சாயபு சொந்தமாக ஒரு ஆயில் என்ஜினும் டைனமோவும் வாங்கிப் போட்டு, கொஞ்சம் விளக்குகளும் ஒரு பம்பு மோட்டாரும் ஓட்டிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள அரக்கோணம் ரயில் ஷெட்டில் தொழில் படித்த என்னை வைத்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரப்பர் அடி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்த ஷாப்பில் நடந்த மூன்று பேரில் நான் ஒருவன். மற்ற இருவர் முதலாளியும் மானேஜரும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

தோல் பதமாவது ஆவாரம்பட்டையை ஊறவைத்து இறக்கிய சாற்றில். சாறு நன்றாகத் துவர்த்தால் சரி. புளித்துவிட்டால் கெட்டுப்போனது என்று அர்த்தம். அதில் தோலைப் போட்டால் மேல்பக்கம் சொரசொரவென்று ஆகி விலை போகாது, எனவே சாற்றைக் கொட்டிவிட வேண்டியதுதான். புளிப்பா துவர்ப்பா என்று பார்க்க அங்கே எந்தக் கருவியும் கிடையாது. ஒரு மனுஷனுடைய நாக்கை நம்பித்தான் மொத்த ஷாப்பும் ஓடியது.

அந்த மனுஷன் தேவசகாயம். எல்லோருக்கும் அண்ணன். நாக்குக்காகவே வாழ்ந்தவர். மிளகாய் கிடையாது, வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட பிரியாணித் தட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டுத் தயிர்ச்சோறு சாப்பிடுவார். அவர் மனைவி ரோசம்மா தினமும் அவருக்கென்று தனியாக உப்பு குறைத்து ஒரு குழம்பு வைப்பார். ஷாப்பு காம்பவுண்டுக்குள் அவர்களுக்கு ஒரு ஓட்டு வீடு. சாறு பார்க்கிற ஆளுக்கு என்றே விட்ட வீடு அது.

அவர் சாறு பார்க்கிற விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கையில் ஏந்த மாட்டார், கையில் சுண்ணாம்பும் உப்பும் ஊறிக் கிடக்கும். கொட்டாங்கச்சியில் வாங்க மாட்டார், அதில் நேற்றைய வாசனை இருக்கும். பம்பிலிருந்து வரும் பித்தளைக் குழாயின் வாய்க்கு நேராகக் குனிந்து, விழுகிற சாற்றில் நாக்கை நீட்டுவார். ஒரு கணம்தான். துப்பிவிட்டு, 'விடு' என்பார், அல்லது 'கொட்டு' என்பார். இதற்கு ஷாப்பில் வாய் வைக்கிறது என்று பெயர். இரும்பு பட்டால் சாறு மை மாதிரி கறுத்துவிடும். அதனால் அங்கே எல்லாமே பித்தளையும் மரமும்தான். குழாய்கூட மரச்சட்டங்களின் மேல்தான் போகும்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் முதலாளி ஒரு ரேடியோ வாங்கினார். ஆபீஸ் கூரையிலிருந்து பட்டைக் கிடங்குக்கு மேலாக ஒரு சவுக்குக் கம்பம் வரை ஏரியல் கம்பி இழுத்தேன். டைனமோ ஓடும்போது ரேடியோ பாடும். மதியச் சோற்று நேரத்தில் ஆட்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் போட்டுக் கேட்பார்கள். தேவசகாயம் மட்டும் அந்தக் கம்பிக்கு அடியில் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்.

சில நாளில் அவர், "புளிக்குது, கொட்டு" என்றார். கொட்டினார்கள். அடுத்த வாரம் இன்னொரு தொட்டி. அதையும் கொட்டினார்கள். மூன்றாவது தடவை மானேஜர் குறுக்கே வந்துவிட்டார். அவர் பம்புக்குப் பக்கத்தில் போட்டிருந்த பலகையில் ஏறி நின்று, விரலால் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானேய்யா துவர்க்குது. இன்னா புளிக்குது உனுக்கு?"

தேவசகாயம் யோசித்து யோசித்துச் சொன்னார்: "சாறுல இல்லீங்க. அந்த ரேடியோ கம்பி வந்ததுல இருந்துதான் இப்பிடி. தலை கிண்ணுன்னு வலிக்குது, வாய் புளிக்குது. போன வாரம் என்ஜின் ரிப்பேராயி நின்னுது இல்ல, அன்னிக்கி கைப்பம்புல அடிச்சாங்க. அன்னிக்கி புளிக்கல. அன்னிக்கி ரேடியோவும் பாடல. இன்னா அர்த்தம், நீங்களே சொல்லுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ரேடியோ பாடின நாள் புளிப்பு, பாடாத நாள் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "வயர்மேன், இது பெரிய பேஜாரா பூட்ச்சி. கம்பில இருந்தா கம்பியக் கழட்டிடலாம். அவன் நாக்குல இருந்தா ஆளை மாத்திடலாம். சுண்ணாம்புக் குழிக்குப் போவட்டும். வெள்ளிக்கிழமை லீவுக்கு முன்ன எனுக்கு ஒரு பதில் சொல்லு."

அது செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலமே ரோசம்மா என்னைத் தேடிக்கொண்டு என்ஜின் ரூமுக்கு வந்தார்.

"தம்பி, விடிஞ்சா போதும், கண்ணாடிய எடுத்துக்கினு வாசல்ல உக்காந்து நாக்கை நீட்டி நீட்டிப் பாக்கறார். வீடு போனா போவட்டும், எங்கியாவது குடிசை போட்டுக்கறோம். நாக்கு போச்சுன்னு ஆயிட்டா அந்த மனுஷன் தாங்க மாட்டார். கம்பின்னு சொல்லிடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

எனக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு கம்பியைக் கழற்றுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம்தான் உறைத்தது. கம்பியைக் கழற்றின பிறகும் அவர் புளிக்கிறது என்று சொன்னால், அன்றோடு அவர் கதை முடிந்தது. அதற்குமேல் யார் வந்து சொன்னாலும் எடுபடாது. நல்ல மனசோடு பொய் சொல்ல நினைக்கிறவர்கள் மறுநாள் காலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். "நான் பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை சோதனை. என்ஜின் ஓடியது, பம்பு ஓடியது. மானேஜர் ஆபீஸில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமே இல்லாமல் போடுவார், நிறுத்துவார். எப்போது போட்டார், எப்போது நிறுத்தினார் என்பது எனக்கும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தேன். என் முகத்தை நான் நம்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் ஆபீஸ் சுவரில் கரியால் ஒரு குறி போட வேண்டும், நான் பம்பு ரூம் சுவரில் ஒரு குறி போட வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேவசகாயம் குனிந்தார், வாய் வைத்தார், "புளிக்குது" என்றார். மறுபடியும், "புளிக்குது." மறுபடியும் அதே. ஒவ்வொரு தடவையும் அதே. ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி நேரம் ரேடியோ அணைந்தே கிடந்திருக்கிறது.

ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி விடவில்லை. "அண்ணன் நாக்குக்கு ரேடியோவே வாணாம்பா. அதுவே பாடிக்கும்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதோடு நிற்காமல், சோதனை முடிந்து ரேடியோ நின்றிருந்த நேரத்தில் அவர் நேற்றுக் கேட்ட பாட்டு ஒன்றை ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக முனகினார். ரேடியோதான் பாடுகிறது என்று நினைத்து தேவசகாயம் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது நடிப்பில்லை. நெற்றி நரம்பு புடைத்திருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேஸ்திரியின் பாட்டு என்று தெரிந்ததும் அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பட்டைக் கிடங்குக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் பலகையில் ஏறி, அவர் மாதிரியே குனிந்து, நாக்கை நீட்டிப் பார்த்தேன். துவர்த்தது. அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. மானேஜர், "அப்புறம் இன்னா, நாக்குதான்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு விஷயம் முடியவில்லை. ரயில் ஷெட்டில் எனக்கு மேலே ஒரு சார்ஜ்மேன் இருந்தார். கோபக்காரர், கைவேலையில் கெட்டிக்காரர். பயணிகள் ஏதாவது புகார் சொன்னால் எங்களிடம் இப்படிச் சொல்வார்: "உடம்பு இப்பிடி பண்ணுதுன்னு ஒருத்தன் சொன்னா நம்பு. இதனாலதான் பண்ணுதுன்னு சொன்னா நம்பாதே, போய்ப் பாரு." அது அன்றைக்கு என்னை உட்கார விடவில்லை.

இரண்டு சுவர்க் குறிகளையும் மறுபடி போய்ப் பார்த்தேன். எல்லோரும் அவர் எத்தனை தடவை தப்பாகச் சொன்னார் என்று பார்த்துச் சிரித்தார்களே ஒழிய, என்ன சொன்னார் என்று யாரும் பார்க்கவில்லை. மனப்பிரமை பிடித்தவர் என்றால் ஊகித்துத்தானே சொல்வார்? இப்போது நின்றுவிட்டது, இப்போது வந்துவிட்டது என்று மாற்றி மாற்றித்தானே சொல்வார்? இவர் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. தலைவலி விஷயத்தில் அவரை ஒரு முனகல் பாட்டு ஏமாற்றிவிட்டது. நாக்கை ஏமாற்ற முடியவில்லை. ஒரே மனுஷனுடைய தலையும் நாக்கும் வேறு வேறு மாதிரி நடந்துகொண்டன. தலைவலிக்கு இன்றைக்கும் என்னிடம் விடை இல்லை. வலி பொய்யில்லை, ரேடியோவும் காரணமில்லை, அதற்குமேல் எனக்குத் தெரியாது. நாக்கு வேறு. அது ரேடியோவைச் சொல்லவில்லை, என்ஜினோடு வருகிற வேறு எதையோ சொல்கிறது என்று எனக்குப் பட்டது.

அப்படியானால் என் நாக்குக்கு ஏன் தெரியவில்லை? எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? மிளகாய்தான் என்று முடிவு கட்டினேன். அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் மெஸ்ஸில் வெறும் மோர்சோறு, ஊறுகாய்கூட இல்லாமல். மெஸ் நடத்துகிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பேதியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வியாழக்கிழமை காலை போய் நாக்கை நீட்டினேன். துவர்த்தது. மோர்சோறு தின்றதுதான் மிச்சம்.

வெறுத்துப்போய்ப் பலகையிலிருந்து இறங்கினவன் சேற்றில் கால் வைத்துவிட்டேன். மழைச் சேறும் சுண்ணாம்பும் கலந்து முழங்கால் வரை இழுத்தது. காலை உருவினால் பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. திட்டிக்கொண்டே அதை வெளியே எடுத்து, இன்னொன்றையும் கழற்றிப் பலகை மேல் வைத்துவிட்டு, போகிற போக்கில் சும்மா ஒரு தடவை குழாய் வாயில் நாக்கை நீட்டினேன்.

சுரீரென்று புளித்தது. ரயில் ஷெட்டில் பேட்டரியில் சக்தி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கம்பியையும் நாக்கில் வைப்போம், அதே புளிப்பு. பூட்ஸைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், துவர்ப்பு. கழற்றினேன், புளிப்பு. போட்டேன், துவர்ப்பு. அந்தப் பம்பு ரூமில் தனியாக நின்று பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். எங்கேயோ கொஞ்சம் கரண்ட் குழாயில் கசிகிறது. சாறு வழியாக நாக்கில் ஏறி, ஈரத்தில் ஊன்றின வெறுங்கால் வழியாகத் தரைக்குப் போகிறது. காய்ப்புக் காய்ச்சிய கைக்கு அது தெரியாது. பூட்ஸ் போட்டவனுக்கும் பலகையில் நின்றவனுக்கும் தெரியாது. ஷாப்பில் வெறுங்காலோடு அந்தக் குழாயில் நாக்கை நீட்டுகிறவர் ஒருவர்தான். (நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உங்களுக்கு டெஸ்டர் இருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஆயுசு கெட்டி.)

என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். மோட்டாருக்குப் போகிற கேபிள் ஒரு இடத்தில் குழாயின் மேலாகப் போகிறது. அங்கே இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒரு தோல் துண்டை மடித்து வைத்து, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிரித்தேன். பதப்படுத்தாத பச்சை ஆட்டுத்தோல், உப்பு போட்டது. மழைக்காலத்தில் உப்புத்தோல் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஈரம். கேபிளின் மேலுறை அந்த உப்பில் ஊறி இற்றுப்போயிருந்தது. அந்த நூல் முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். பட்டை மூட்டைகளை அப்படி முடிச்சுப் போடுகிறவர் ஷாப்பில் ஒருத்தர்தான்.

நான் அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே, என்ஜின் ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டு முதலாளியும் மானேஜரும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே ஆட்கள். கசிவைச் சொன்னேன், பூட்ஸைச் சொன்னேன். முதலாளி முழுசாகக் கேட்டார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"இத எவன் கட்னான்? ஒயர் வேலை உன்னுதுதானே?"

என்னுடையதுதான். இல்லை என்று சொன்னால், வேறு யார் என்பது அடுத்த கேள்வி. பெயரைச் சொன்னால், நாக்கு பிழைத்த நிமிஷத்திலேயே அந்த மனுஷன் வேலை போகும். இரண்டு தொட்டிச் சாறு மண்ணில் போனதற்கு அவரே காரணம் என்றாகும். வாயைத் திறந்தேன்.

"நான்தான், சாயபு."

தேவசகாயம் கிடங்கு வாசலில் நின்றிருந்தார். "அந்த ஒயரு குழாய்ல உரசிக்கினே இருந்திச்சி. எனுக்கு அதப் பாத்தாலே பயம். நடுவுல தோல் வெச்சா கரண்ட் தாண்டாதுன்னு கட்டி வெச்சேன். மழைக்கு முன்ன."

"அதுக்கு உப்புத்தோலா கெடச்சிது? பதமான தோலுக்கா இங்க பஞ்சம்?"

"பதமான தோல் உங்குளுது. கேக்காம எப்பிடி எடுப்பேன்? இது கழிச்சிப் போட்ட துண்டு."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அந்தத் தோலை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "இத்தினி வருசம் தோல்ல கெடந்துட்டு, உப்புத்தோல் தண்ணி குடிக்கும்னு மறந்துட்டியேப்பா" என்றார். பிறகு, "அத அப்பாலப் பேசிக்கலாம். எனுக்கு நாக்கு இருக்குதா இல்லியா, அது தெரியணும் மொதல்ல" என்றார்.

இற்றுப்போன இடத்தை வெட்டிவிட்டு வேறு கேபிள் போட்டு, குழாயை விட்டுத் தள்ளிக் கட்டினேன். என்ஜினை ஓட விட்டார்கள். குழாயில் சாறு விழுந்தது. நான் முதலில் வெறுங்காலோடு நாக்கை நீட்டிப் பார்த்தேன், ஆனால் எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. விடையை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

"அண்ணே, வாய் வைங்க."

அவர் வரவில்லை. இவ்வளவு நாளும் கம்பி, கரண்ட் என்று பழி போட ஏதோ ஒன்று இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, இப்பவும் புளிச்சா?"

"புளிச்சா நாக்குதான்ணே."

ரோசம்மா கிடங்கு ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தேவசகாயம் தோளிலிருந்த துண்டை எடுத்து மரச்சட்டத்தில் போட்டார். சேற்றில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டு குனிந்தார். நாக்கை நீட்டினார். துப்பினார். நிமிரவில்லை. எப்போதும் ஒரே தடவை வைக்கிறவர், அன்றைக்கு இன்னொரு தடவையும் நீட்டினார்.

நிமிர்ந்தபோது அவர் என்னையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. கிடங்கு ஓரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"துவர்க்குது ரோசம்மா."